டெக்சாஸ் வளவில் நிற்பது நம் காட்டுப்பன்றியா?

நீங்கள் எழுதியதை முதலில் என் சொல்லில் வைக்கிறேன். டெக்சாஸில் இருக்கும் அக்கா கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். அவருடைய பின்வளவில் ஏழெட்டு மிருகங்கள் நாகதாளியைக் கடித்துத் தின்கின்றன. பார்த்தால் ஒட்டுசுட்டான் காட்டில் நிற்கும் பன்றி மாதிரியே இருக்கிறது. அங்கே அவற்றை நினைத்தபடி சுட முடியாதாம். இங்கே ஒரே இரவில் வயலை உழுதுவிட்டுப் போகிற மிருகத்துக்கு வெடி வைத்தால் என்ன பிழை என்று அப்பா கேட்கிறார். "இது என்ன மிருகம்?" என்ற வரியோடு முடித்திருக்கிறீர்கள். ஆனால், பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு மிருகங்களில் ஒன்றுக்குக் காவலும் மற்றதுக்கு வெடியும் ஏன் என்பதுதான் உங்கள் மனத்தில் உள்ள கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். பெயரை மட்டும் சொல்லி விட்டுவிட்டால் அப்பாவுக்குப் பதில் கிடைக்காது.

நான் கால்நடை வைத்தியர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மாடு, ஆடு, பன்றி என்று பார்த்தே தலை நரைத்தது. காட்டுப்பன்றியை உயிரோடும் பார்த்திருக்கிறேன், செத்த பிறகு வயிற்றைக் கீறியும் பார்த்திருக்கிறேன். பெக்கரியை, அதாவது உங்கள் அக்காவின் வளவில் நிற்கும் மிருகத்தை, ஒரே ஒரு தடவை வெளிநாட்டு மிருகக்காட்சிச் சாலையில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஆகவே பன்றியைப் பற்றி நான் சொல்வது கைப்பட அறிந்தது. பெக்கரியைப் பற்றிச் சொல்வது படித்து அறிந்தது. வாசிக்கும்போது இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாளத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் போட்ட இரண்டு படத்திலும் தோளைச் சுற்றி மாலை போட்ட மாதிரி வெளிறிய பட்டி ஒன்று தெரிகிறது. வால் இருக்கும் இடத்தில் வால் தெரியவில்லை. இந்த இரண்டும் போதும், இது கழுத்துப்பட்டிப் பெக்கரி. அந்தப் பக்கத்து மக்கள் ஹவலீனா என்பார்கள். ஸ்பானிய மொழியில் ஹவலி என்றால் காட்டுப்பன்றி. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கும் உங்களுக்குத் தோன்றியதேதான் தோன்றியிருக்கிறது, பன்றிப் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆனால் பெக்கரி பன்றிக் குடும்பத்தில் சேர்ந்ததல்ல. இரண்டுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்த காலம் 3 கோடி ஆண்டுகளுக்கு அப்பால். சரியாக எவ்வளவு அப்பால் என்பதில்தான் ஆய்வாளரிடையே வேறுபாடு. பன்றிகள் ஆசியா, ஐரோப்பா, ஆபிரிக்கா என்று இந்தப் பக்கம் பெருகின. பெக்கரிகள் வட அமெரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்து, பனாமா நிலப்பாலம் எழுந்த பிறகு, அதாவது ஏறக்குறைய 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், தென் அமெரிக்காவுக்குள் இறங்கின. கொலம்பஸ் போவதற்கு முன் அமெரிக்கா முழுவதிலும் பன்றி என்று ஒன்று இருக்கவில்லை. ஒரே மாதிரிப் பிழைப்பு, ஒரே மாதிரி மூக்கு, ஒரே மாதிரிக் கட்டை உடம்பு என்று அமைந்துவிட்டதால் நம் கண் ஏமாறுகிறது.

உடம்பைக் கிட்ட வைத்துப் பார்த்தால் அந்த ஏமாற்றம் போய்விடும். முதலில் வாயைத் திறந்து பார்ப்போம். நம் காட்டில் ஒரு தனியன் பன்றியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேல்தாடைக் கொம்பும் வெளியே வளைந்து மேல்நோக்கித்தான் எழும்பும். கீழ்க்கொம்பு அதனோடு உரசி உரசித்தான் கத்தி மாதிரிக் கூராகிறது. பெக்கரியின் மேற்பல் நேராகக் கீழே இறங்கும். கீழ்ப்பல் அதற்குப் பக்கத்தில் பூட்டுப் போட்ட மாதிரி வந்து பொருந்தும். அதனால் தாடை பக்கவாட்டில் நழுவாது, முழுப் பலத்தோடு மேலும் கீழும் கடிக்கும். அமேசன் காட்டுப் பெக்கரி, பனை இனத்து மரங்களின் வைரம் பாய்ந்த கொட்டைகளை உடைத்துத் தின்பது இந்தத் தாடையை வைத்துத்தான். பன்றிக்கு 44 பல், பெக்கரிக்கு 38. பன்றிக்கு எல்லாக் காலிலும் நான்கு குளம்பு. கழுத்துப்பட்டிப் பெக்கரிக்குப் பின்னங்காலில் மூன்றுதான். வயிற்றில் இன்னும் பெரிய வித்தியாசம். பன்றியின் இரைப்பை நம்முடையதைப் போல ஒற்றைப் பை. பெக்கரிக்கு முன்னால் பல அறைகள் இருக்கின்றன, அங்கே நுண்ணுயிர்கள் தீனைப் புளிக்க வைக்கும். மாடு போல அசைபோடாது, ஆனால் நார் நிறைந்த தீனில் பன்றியைவிடக் கூடுதலாகச் சத்து எடுக்கும். உங்கள் அக்காவின் வளவில் அது நாகதாளியை முள்ளோடு தின்பதைப் பார்த்து வியந்து எழுதியிருந்தீர்கள். வறண்ட நிலத்தில் அதற்குச் சோறும் தண்ணீரும் பெரும்பாலும் அந்தச் செடிதான்.

பன்றிக்கும் பெக்கரிக்கும் இனக்கலப்பு நடக்குமா என்றும் உங்கள் பதிவின் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நடக்காது. வீட்டுப் பன்றிக்கு 38 நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்), கழுத்துப்பட்டிப் பெக்கரிக்கு 30.

பெக்கரியின் முதுகைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பின்பக்கம், வாலுக்குச் சற்று மேலே, ஒரு சுரப்பி இருக்கிறது. மயிரை விலக்கிப் பார்த்தால் தொப்புள் மாதிரி இருக்கும். பழைய பயணிகள் சிலர் முதுகிலே தொப்புள் உள்ள மிருகம் என்றே எழுதினார்கள். விஞ்ஞானப் பெயரிலும் "இரண்டு தொப்புள்" என்ற பொருள் தங்கிவிட்டது. அதிலிருந்து வருவது கடும் நாற்றமுள்ள எண்ணெய். கல்லிலும் மரத்திலும் அதைத் தேய்த்து எங்கள் இடம் என்று சொல்லும். அதைவிட முக்கியமாக, ஒன்றுக்கொன்று தேய்த்துக்கொள்ளும். இரண்டு பெக்கரிகள் தலைக்கு வால் என்ற கணக்கில் பக்கத்தில் நின்று, ஒன்றின் முகத்தை மற்றதன் சுரப்பியில் உரசும். இப்படி எல்லோரும் எல்லோரோடும் உரசி, கூட்டம் முழுவதற்கும் ஒரே மணம் வந்துவிடும். அவற்றுக்குக் கண்பார்வை மட்டம், மூக்குத்தான் எல்லாம். அந்த மணம் உள்ளது உறவு, இல்லாதது அந்நியம்.

இந்தக் கூட்ட வாழ்வில்தான் பெக்கரி நம் பன்றியிலிருந்து மிகவும் விலகுகிறது. நம் பன்றிக் கூட்டம் என்றால் தாய்களும் குட்டிகளும். வளர்ந்த ஆண் தனியே திரியும், பருவத்துக்கு மட்டும் வந்து சேரும். பெக்கரியில் ஆண், பெண், குட்டி எல்லாம் வருடம் முழுவதும் ஒன்றாகவே. ஆணுக்கும் பெண்ணுக்கும் உடம்பில் பெரிய வித்தியாசமும் இல்லை. கழுத்துப்பட்டிப் பெக்கரி பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து வரை சேர்ந்து திரியும். வெள்ளை உதட்டுப் பெக்கரி என்ற இன்னொரு இனம் காட்டுக்குள் நூற்றுக்கணக்கில் போகும். அவை போகிற சத்தம், பற்களை அடிக்கும் சத்தம், நாற்றம் எல்லாம் ஆள் காணுமுன்பே வந்து சேரும் என்று படித்திருக்கிறேன். ஜாகுவார் என்ற பெரும்புலி கூட அந்தக் கூட்டத்தின் நடுவே பாயத் தயங்கி, ஓரத்தில் தனிப்பட்டதைத்தான் தேடுமாம்.

அரிசோனாவில் ஒரு சம்பவம் பதிவாகி 2017 இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. ஒரு பள்ளிச் சிறுவன் வீட்டுக்குப் பக்கத்தில் பெக்கரி ஒன்று செத்துக் கிடந்தது. அவன் அதன் அருகே தானியங்கிக் கமரா வைத்தான். கூட்டத்தில் மற்றவை பத்து நாள் வரை திரும்பத் திரும்ப வந்தன. மணந்து பார்த்தன, மூக்கால் தள்ளி எழுப்பப் பார்த்தன, பக்கத்தில் படுத்து உறங்கின, தின்ன வந்த ஓநாய் இனத்து மிருகங்களைத் துரத்தின. நடந்தது கமராவில் இருக்கிறது, அது உறுதி. அதைத் துக்கம் என்று சொல்லலாமா என்பது வேறு கேள்வி. மணம் இன்னும் போகாததால் "இது நம் ஆள்" என்று வந்து நின்றிருக்கலாம். கன்று செத்த பசு இரண்டு நாள் பட்டியைச் சுற்றிக் கத்துவதைப் பல தடவை பார்த்தவன் நான். அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. ஒன்றும் இல்லை என்று சொல்லவும் மனம் வராது.

மூன்றாவது இனத்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பராகுவே, பொலிவியா, ஆர்ஜென்டீனா மூன்றும் சேரும் பக்கத்தில் சாக்கோ என்று ஒரு பெருநிலம். வெயில், முள், நீண்ட வறட்சி. படங்களைப் பார்த்தபோது மடு வீதிக்கு இரண்டு பக்கமும் உள்ள முட்புதர்தான் எனக்கு நினைவில் வந்தது, மரங்கள் வேறாக இருந்தாலும். அந்தப் பக்கத்து எலும்புகளை வைத்து 1930 இல் ஒரு பெக்கரியை விவரித்து, பண்டைக்காலத்தில் அழிந்தது என்று எழுதினார்கள். 1970களில் அமெரிக்க ஆய்வாளர் ரால்ஃப் வெட்செல் குழுவினர் பராகுவேயில் அதை உயிரோடு கண்டார்கள். அங்கே வேட்டையாடி வாழ்ந்த மக்கள் அதைத் தாகுவா என்று பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தார்கள். கேட்க ஆள் போகவில்லை, அவ்வளவுதான். இன்று அந்தத் தாகுவா அழியும் ஆபத்தில் உள்ள இனம். காரணம் வேட்டை மட்டுமில்லை. சாக்கோவின் காட்டைத் தள்ளி மாட்டுப் பண்ணைகளுக்குப் புல் விதைக்கிறார்கள். வெள்ளை உதட்டுப் பெக்கரியும் பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய இனப் பட்டியலில் இருக்கிறது. எல் சல்வடோர் நாட்டில் அது இப்போது இல்லவே இல்லை. அக்காவின் வளவில் நிற்கும் இனம் மட்டும் அமெரிக்காவின் தெற்கிலிருந்து ஆர்ஜென்டீனா வரை பரந்து, இன்னும் தேறி நிற்கிறது. 2007 இல் அமேசனில் நான்காவது இனம் ஒன்று இருப்பதாக அறிவித்தார்கள். பலர் அதை ஏற்கவில்லை, கழுத்துப்பட்டிப் பெக்கரியே என்கிறார்கள். நான் மூன்று என்றே எண்ணுகிறேன்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அதற்கு அறம் பேசுவதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டும். கழுத்துப்பட்டிப் பெக்கரி ஏறக்குறைய 145 நாள் சினை சுமந்து, பெரும்பாலும் இரண்டே இரண்டு குட்டி ஈனும். நம் காட்டுப்பன்றி 115 நாள் அளவில் சுமந்து, இலை தழை கூட்டிக் கூடு கட்டி, நான்கு முதல் எட்டுக் குட்டி வரை போடும். தீன் நன்றாகக் கிடைத்தால் ஒரு வயதாகுமுன்பே பெட்டை சினைப்படும். ஒரு போகம் அழிந்தாலும் அடுத்த போகத்தில் கூட்டம் நிரம்பிவிடும். பெக்கரிக் கூட்டம் ஒன்றில் பாதியைச் சுட்டுவிட்டால் அது தேறப் பல வருடம் வேண்டும். காட்டுத் துண்டும் சிறிதாகிவிட்டால் தேறாது. டெக்சாஸ் சட்டம் இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறது. அங்கே உண்மையான பன்றியும் இருக்கிறது என்பது உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஸ்பானியர் 1500களில் கொண்டுபோன வீட்டுப் பன்றிகள் காட்டுக்கு ஓடிப் பெருகியவை, பிறகு வேட்டைக்கென்று ஐரோப்பியக் காட்டுப்பன்றியையும் கொண்டுபோய் விட்டார்கள். அவற்றைச் சோளன் காட்டில் கண்டால் காணிக்காரர் எந்தக் காலத்திலும் சுடலாம், ஹெலிகொப்டரிலிருந்து சுடக்கூட 2011 இல் அனுமதி கொடுத்தார்கள். அதே மாநிலத்தில், அதே வேலிக்குள், பெக்கரி நின்றால் அனுமதிப்பத்திரமும் எண்ணிக்கை வரம்பும் உண்டு. பன்றி அங்கே வந்தேறி, பெக்கரி அந்த மண்ணுக்கு உரியது. ஆகவே "அங்கே காக்கிறார்கள், இங்கே கொல்கிறோம்" என்பது முழு உண்மை இல்லை.

ஆனால் நம் காட்டுப்பன்றி நமக்கு வந்தேறி இல்லை. சிறுத்தைக்கு இரை அது. பாலைப்பழம் உதிரும் காலத்தில் மரத்தடியில் மரை, மான், கரடியோடு அதற்கும் பங்குண்டு. அதோடு அது செய்யும் அழிவையும் நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. காலபோக நெல் பால் பிடிக்கும் பருவத்தில் ஒரு கூட்டம் இறங்கினால் என்ன ஆகும் என்பதைக் காலையில் வரம்பில் நின்று பார்த்திருக்கிறேன். தின்றது கொஞ்சம், புரண்டு மிதித்தது மீதி. கச்சான், மரவள்ளி என்றால் கிழங்கும் மிஞ்சாது. இடம்பெயர்ந்து போன வருடங்களில் பல காணிகள் பற்றைக்காடாகிவிட்டன, மீளக்குடியேறி வந்தபோது வயலுக்குப் பக்கத்திலேயே பன்றிக்குப் படுக்கை இருந்தது. யுத்தத்துக்குப் பிறகு பன்றி பெருகிவிட்டது என்று ஊரில் எல்லோரும் சொல்வது இதை வைத்துத்தான். பற்றைக்கும் பன்றிக்கும் உள்ள தொடர்பு நிச்சயம். ஆனால் எத்தனை மடங்கு பெருகியது என்று சொல்பவர்கள் சொல்வதெல்லாம் ஊகம்.

என் வாதம் பன்றியைத் தொடாதீர்கள் என்பதில்லை, தம்பி. வெடி வைக்காதீர்கள் என்பது. முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். காலையில் மேய்ச்சலுக்குப் போன பசு மத்தியானம் தானாக நடந்து பட்டிக்கு வந்திருந்தது. கீழ்த்தாடை இல்லை. நாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ பூசணித் துண்டுக்குள் பன்றிக்கு வைத்த வாய்வெடி. கன்றுக்கு இருபது நாள். அந்தப் பசு மூன்று வருடத்துக்கு முன் என் கையால் பிரசவம் பார்த்த மாடு. ஊசி போட்டு அதன் வேதனையை முடித்துவிட்டு, கன்றுக்குப் போத்தலில் பால் பருக்கும் முறையை அந்த அம்மாவுக்குக் காட்டிவிட்டு வந்தேன். வெடி வைத்தவரும் அந்த ஊர்தான், அவருடைய மாடும் அதே மேய்ச்சலில்தான் நின்றது. வெடிக்கு எது கடிக்கிறது என்று தெரியாது. இலங்கையில் இளம் யானைகள் சாகும் முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த வாய்வெடி. தாடை உடைந்த யானைக்குட்டி உடனே சாகாது. தின்ன முடியாமல், தண்ணீர் குடிக்க முடியாமல், குளக்கரையில் நாள் கணக்கில் நிற்கும். கம்பித் தடத்தில் மாட்டுவது சிறுத்தை. கட்டுத்துவக்கில், அதாவது கம்பி இடறினால் தானாக வெடிக்கும் துவக்கில், விழுவது தேனுக்கும் விறகுக்கும் போகிற மனிதன். மூன்றும் சட்டவிரோதம் என்பதும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: வீட்டு மின்சாரத்தை நேரே வயல் கம்பிக்குக் கொடுக்கவே வேண்டாம். அதில் செத்தவர்களில் கம்பி போட்டவரின் குடும்பத்தவரும் உண்டு.

அப்படியென்றால் எது பலன் தரும்? பழைய சேலை கட்டுவது, சலூனில் வாரிய முடியைத் தூவுவது எல்லாம் செய்து பார்த்திருக்கிறார்கள். நாலைந்து இரவு தாங்கும், பிறகு பன்றி பழகிவிடும். நிச்சயமாகப் பலன் தருவது நிலத்தோடு ஒட்டிக் கட்டிய வேலி. அலம்பல் வேலி, அதாவது மரக்கிளைகளை வைத்துக் கட்டும் வேலி என்றால் கீழ்ப்பக்கம் நெருக்கமாக இருக்க வேண்டும், பன்றி மேலே பாய்வதைவிடக் கீழே நுழைவதைத்தான் பார்க்கும். சூரியசக்தி மின்வேலிக்கு வசதி இருந்தால் யானைக்குப் போடுவது போல உயரத்தில் போடாமல், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு கம்பி, இரண்டு சாணில் இன்னொன்று என்று மூக்குப் படுகிற மட்டத்தில் போடுங்கள். அதற்கென்று விற்கும் கருவியோடுதான். புல் வளர்ந்து கம்பியைத் தொடாமல் வாரம் ஒரு தடவை செதுக்க வேண்டும், இல்லையென்றால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். பத்து வயல்காரர் சேர்ந்து குடலைப் பருவத்திலிருந்து, அதாவது கதிர் வெளியே வருமுன்பிருந்து, அறுவடை வரை முறை வைத்துக் காவல் கொட்டிலில் படுத்தால் அது எல்லாவற்றையும்விட நல்லது. ஒருவர் மட்டும் தன் வயலைக் காத்தால் பன்றி பக்கத்து வயலுக்குப் போகும், அவ்வளவுதான். வயலோரப் பற்றையை வெட்டி ஒரு வெளி விட்டால் அதைக் கடந்து வரத் தயங்கும்.

கால்நடை வைத்தியர் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2024 இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்கு வந்துவிட்டது. வீட்டுப் பன்றியையும் காட்டுப்பன்றியையும் ஒரே மாதிரிக் கொல்லும் வைரசு அது. மனிதருக்குத் தொற்றாது. ஆனால் இறைச்சியில் நெடுநாள் உயிரோடு இருக்கும், குளிரூட்டியில் இன்னும் அதிக நாள். பெக்கரிக்கு அந்த வைரசை ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தபோது அது நோயில் விழவில்லை. குடும்பம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. ஆகவே காட்டில் காரணமில்லாமல் செத்துக் கிடக்கும் பன்றியை வெட்ட வேண்டாம், இறைச்சியை ஊருக்குள் கொண்டுவர வேண்டாம், பன்றி வளர்ப்பவர் வீட்டுக்கு அந்தச் செருப்போடுகூடப் போக வேண்டாம். பக்கத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், புதைப்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அக்காவுக்கும் ஒரு செய்தி. வீடியோவின் கடைசியில் நாய் குரைக்கிற சத்தம் கேட்கிறது. பெக்கரி ஆளைத் தேடி வந்து தாக்குவது அரிது. வெருண்டு ஓடும்போது கண் தெரியாமல் ஆளை நோக்கி ஓடிவருவதைத்தான் பலர் பாய்ச்சல் என்று நினைக்கிறார்கள். ஆனால் நாயைக் கண்டால் அதற்கு ஓநாய் நினைவு வரும், குட்டியோடு நின்றால் விடாது. பழத்தோல், நாய்ச் சாப்பாடு என்று எதையும் வெளியே வைக்கக் கூடாது. ஒரு தடவை கிடைத்தால் கூட்டமாகத் தினமும் வரும், பிறகு அங்கேயே ஆட்களோடு பிரச்சினையாகி அதைக் கொல்ல வேண்டி வரும். அந்தி நேரத்தில் நாயை உள்ளே கட்டச் சொல்லுங்கள். நாகதாளியை அது தின்றுவிட்டுப் போகட்டும்.